பதினோரு ஃப்ரேம்

ஓருரோவில் ஜூலை இரவு.
லேப்டாப்பின் சூட்டுக்காக
அதையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.
பகலில் மருந்துக்கடையில்
டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கிறவள் நான்.
இரவில், ஒரு வாரமாக,
கொழுந்தனின் பித்தளை வாத்தியக் குழு
இருபத்தைந்தாம் ஆண்டுக்கு நடந்த ஊர்வலத்தை
வெட்டி ஒட்டுகிறேன்.
சனிக்கிழமை சங்கக் கூடத்தில் போடவேண்டும்.
இன்று புதன்.

பழைய கேம்கார்டர் எடுத்ததில்
ஓடுகிறவர்களின் ஓரமெல்லாம் சீப்புப் பல்.
அதற்கு மருந்து தெரியும், ஒரு கட்டத்தில் டிக்.
ரெமிஹியோ அனுப்பியதில் சத்தம் மட்டும்.
படம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு.
கோடெக் தேடி இறக்கினேன்,
கறுப்பைக் கிழித்துக்கொண்டு
டிரம்பெட்காரர்கள் படுத்தபடி நடந்து வந்தார்கள்.
தொண்ணூறு பாகை திருப்பி
எழுப்பி நிறுத்தினேன்.

தூக்கத்தைக் கெடுத்தது நீல்டாவின் கோப்பு.
நாற்பது நிமிடம், ஒரே ஓட்டம்.
முதலில் உதடும் ஊதலும் ஒன்றாகத்தான் இருந்தன.
சந்தையைத் தாண்டியதும் ஒரு சந்தேகம்.
முப்பதாவது நிமிடத்தில்
முரசுக்கோல் தோலில் பட்டுத் திரும்பி
பாதி வழி போன பிறகு
'தும்' என்கிறது.
அம்புக்குறியைத் தட்டித் தட்டி எண்ணினேன்:
பதினோரு ஃப்ரேம்.

ஒலியை முன்னே இழுத்தேன்.
அங்கே பொருந்தியது, தொடக்கத்தில் பிய்ந்தது.
படத்தை நீட்டினேன்.
கடைசி பொருந்தியது, நடு வழுக்கியது.
கணவர் புரண்டு படுத்து, "இன்னுமா?" என்றார்.
இன்னும்தான்.

இரண்டு மணிக்குக் கோப்பின் விவரத்தைத் திறந்தேன்.
ஃப்ரேம் வேகம் என்ற இடத்தில்
எண்ணுக்குப் பதில் ஒரு சொல்:
மாறுவது.

வெளிச்சம் குறைந்தால்
கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும்
கொஞ்சம் கூடுதல் நேரம் கண்ணைத் திறந்து வைக்கிறதாம்.
நொடிக்கு முப்பது, இருபத்தெட்டாகிவிடும், இருபத்தாறாகிவிடும்.
மென்பொருளுக்கு அது தெரியாது.
எல்லாம் முப்பதே என்று அடுக்கிக்கொண்டு போகும்,
காணாமல் போன படங்களைக் கேட்காமல்.

திரும்பப் போய்ப் பார்த்தேன்.
சந்தையின் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஏழு ஃப்ரேம்.
தேவாலய வளைவின் கீழே நாலு.
வெயிலில் ஒன்றுகூட இல்லை.
நிழல் விழுந்த இடங்களை
இந்தக் கோப்பு கணக்கு வைத்திருக்கிறது,
தவறாக, ஆனால் ஒழுங்காக.

மாறாத முப்பதுக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.
மின்விசிறி விடியும்வரை இரைந்தது.

வியாழன். உதடு சரி, முரசு சரி.
தாளத்தட்டு மட்டும், எங்கோ, ஒரு மணல் துளி.
ஒவ்வொரு படமாக நகர்த்தினேன்.
கோல் தோலைத் தொடும்போது
எவாரிஸ்தோவின் தட்டுகளுக்கு நடுவே
இரண்டு விரல் இடைவெளி.
ஒரு படம். இன்னொரு படம்.
மோதுகின்றன. மோதும்போதே ஒலிக்கின்றன.
கோப்பில் ஒரு குறையுமில்லை.
வேறு தெரு பார்த்தேன். அங்கும் இரண்டு.
கேம்கார்டரிலும் இரண்டு.
வெயிலிலும் இரண்டு.

எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது இதற்கு?

வெள்ளி மாலை கூடத்து டிவி
பென்டிரைவை முழுங்கிவிட்டு
'ஆதரிக்கப்படாத வடிவம்' என்று ஏப்பம் விட்டது.
புதுச் சுருக்கமுறை அதற்குப் புரியவில்லை.
வீட்டுக்கு ஓடி, பழைய முறையில், பெரிய கோப்பாக
மறுபடியும் வடித்தேன்.
இந்த முறை விசிறியோடு நானும் இரைந்தேன்.

சனிக்கிழமை அது ஓடியது.
ஊதாச் சோளக் கஞ்சியின் ஆவிக்குப் பின்னால்
எல்லாரும் தங்களைத் தாங்களே தேடினார்கள்.
நீலத் தார்ப்பாய் வந்தது, போனது,
யாருக்கும் தெரியவில்லை. தெரியக்கூடாது.

எவாரிஸ்தோ மட்டும் நெற்றியைச் சுருக்கினார்.
நாற்காலியோடு என் பக்கம் நகர்ந்து வந்தார்.
"வில்மா, தாளத்தட்டு
ஒரு இழை பின்னால் வருகிற மாதிரி இல்லை?"

"ஆமாம்," என்றேன்.
"டிவி பழசு."